வாங்கிக் கொடுத்த கைதட்டல்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்கள் வீட்டுக் கதையை விரிப்பு மடிக்கும்போதுதான் பேசுவார்கள். இரண்டு முனையை ஒருத்தி பிடிக்க, மற்ற இரண்டை இன்னொருத்தி பிடிக்க, விலகி நிற்கும்போது ஊர்ப்பேச்சு. மடிப்புக்காக நெருங்கி வரும்போது ரகசியம். ஒரு விரிப்புக்கு மூன்று முறைதான் நெருங்க முடியும் என்பதால் ரகசியங்கள் அங்கே சுருக்கமாகவே சொல்லப்படும்.

அவளும் அப்படித்தான் சுருக்கமாகச் சொன்னாள். "வீட்டுல ஒரு பீரோ கூடிப்போச்சு."

எதிர்முனையைப் பிடித்திருந்தவளுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. அவளுக்கே முதலில் விளங்கவில்லை. "பீரோ வாங்கினியாக்கா?"

"வீட்டுக்காரரச் சொல்றேன்."

அவளுடைய கணவன் பஸ் டிரைவர். வாழ்நாளெல்லாம் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி, உப்புப் போதவில்லை என்பதைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிற மனுஷன். வலது கண்ணில் பார்வை மங்கியது. டிப்போவில் சோதித்துவிட்டு, இனி ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலையும் சீட்டில் விரிக்கிற துண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்தான். பேச்சு நின்றுபோனது. கேட்டால் தலையாட்டல், சாப்பிடக் கூப்பிட்டால் வருவது, மறுபடி ஜன்னலோரம். அழுதால்கூடத் தேற்றலாம், கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். சும்மா இருக்கிற ஆளை என்ன செய்வது?

ஒருநாள் மகளும் மருமகனும் வந்தார்கள். மாமனாருக்குப் பொழுது போகட்டும் என்று மருமகன் அவருடைய போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அதில் போடலாம். பிடித்தவர்கள் மேல் அம்பை அழுத்துவார்கள், பிடிக்காதவர்கள் கீழ் அம்பை. மேல் ஓட்டு அதிகம் விழுந்தது முதல் பக்கத்துக்கு ஏறும். விழாதது கிணற்றில் போட்ட கல்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. முதலில் இருமல், பிறகு இழுவை, நடுவில் செத்துப்போவது போல ஒரு தயக்கம், அப்புறம் குபீரென்று பிடித்துக்கொள்ளும் எஞ்சின். ஈரத்தலையோடு ஓடிவந்து பார்த்தாள். கணவன்தான். போனை டம்ளரில் சாய்த்து வைத்து, கன்னத்தை உப்பி, வாயாலேயே பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"குளிர்காலத்துல பழைய வண்டி இப்படித்தான் எந்திரிக்கும்" என்றார் வெட்கத்தோடு. பல வாரத்துக்குப் பிறகு அவர் பேசிய முழு வாக்கியம் அது.

அதைத் தளத்தில் ஏற்றினார். அடைகாக்கிற கோழியைத் தூக்கித் தூக்கி முட்டையைப் பார்ப்பது போல நாளெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு ஓட்டு விழுந்தது. அடுத்ததாக, மேட்டில் ஏறும் லாரி. அதற்கும் நாலு. அதோடு ஒரு கீழ் அம்பும் சேர்ந்தது. முன்பின் தெரியாத ஒருவன் எங்கோ உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்திய அந்த ஒற்றை அம்பு இவர் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மறுபடி ஜன்னலோரம், மறுபடி பீரோ.

"அவ்வளவுதானே?" என்றாள் ரேடியோ, விரிப்போடு நெருங்கி வந்து. "காசு குடுத்தா ஓட்டு போடுறதுக்கு ஆள் இருக்குக்கா. தேர்தல்ல நடக்கலையா? அதே கததான். எங்க பக்கத்துத் தெருவுல ஒருத்தர் கடையே வச்சிருக்காரு."

கடை என்றால் போன் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. முன்பு இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்த ஆள். சட்டைப்பையில் பேனாவும் முகத்தில் பணிவும் இன்னும் மிச்சமிருந்தன. சுவர் நீளத்துக்குத் தட்டுகள். தட்டு நிறையப் பழைய போன்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு வயர், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிற நோயாளிகள் மாதிரி.

"யாருக்குக்கா? கடைக்கா, இல்ல தேர்தல்ல நிக்கிற ஆளுக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

அவள் காட்டிய வீடியோவை அவர் பார்த்தார். லாரி மேடேறி முடிகிறவரை பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவள் மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னாள்.

"நல்லாதான் பண்றாரு. ஆனா நல்லா இருக்கறது வேற, கண்ணுல படறது வேற. எல்லா ஓட்டும் ஒரேயடியா விழுந்தா தளத்துக்காரனுக்குச் சந்தேகம் வரும். பயிருக்குத் தண்ணி விடற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா விடணும். அத என்கிட்ட விட்டுடுங்க. உங்களுக்கு நல்ல மனசுக்கா."

"மனசெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

மூன்றாவது வீடியோ வேலை செய்தது. தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கும் மினிபஸ். அன்று சாயங்காலம் அவள் தெருமுனையில் வரும்போதே குரல் கேட்டது. "இந்தா, இங்க வா! சீக்கிரம் வா!" செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் போனை முகத்துக்கு நேரே பிடித்தார். எண் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில், பார்வை மங்கிய கண்ணிலும்கூட, ஒரு வெளிச்சம். அன்று காய் நறுக்கிக் கொடுத்தார். டிப்போக் கதை சொன்னார். உப்புப் போதவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மாத்திரை மருந்தைவிட இது மலிவு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் பக்கத்துக்கு ஏறிவிட்டதால் நிஜமான மனிதர்களும் கொஞ்சம் பேர் பார்த்தார்கள். "எங்க அப்பா வண்டி இப்படித்தான் கத்தும்" என்று யாரோ எழுதினார்கள். எது விலைக்கு வாங்கியது, எது தானாக வந்தது என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பாலில் கலந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் புலிவாலைப் பிடித்த பிறகு விடுவது எப்படி? ஒரு வீடியோவுக்கு வாங்கினால் அடுத்ததற்கும் வாங்க வேண்டும். இல்லையென்றால் எண் தடாலென்று விழும். அவரோ வாரத்துக்கு ஒன்று போட்டவர், நாளுக்கு ஒன்று போட ஆரம்பித்தார். மைக் வாங்கினார். படகு, ரோடு ரோலர், நீராவி எஞ்சின் என்று விரிந்துகொண்டே போனார். அவள் ஓவர்டைம் கேட்டு வாங்கினாள். காலையில் வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு மூட்டைகளைப் பிரித்துப் போடுவது, மத்தியானத்துக்கு மேல் உருளை இஸ்திரியில் விரிப்பைக் கொடுத்து வாங்குவது. வலது மணிக்கட்டு வீங்கியது. ஆஸ்பத்திரியிலேயே வேலை, காட்டுவதற்கு நேரமில்லை.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வாசலில் நின்று கேட்டான். "அண்ணே, எப்படிண்ணே இவ்வளவு ஓட்டு? நானும் ஏதாவது போடலாம்னு பாக்கறேன்."

"உழைப்புப்பா" என்றார் கணவர், காலை நீட்டிக்கொண்டு. "குறுக்கு வழியே கெடையாது. தரமா குடுத்தா ஜனங்க தேடி வருவாங்க."

அவள் உள்ளே மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற அளவுக்குத் தெம்பு இல்லை.

செருப்புக்கடை திறப்பு விழாவுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். தளத்தில் அவ்வளவு ஓட்டு வாங்கும் ஆள் வந்தால் கூட்டம் சேரும் என்று கடைக்காரருக்குக் கணக்கு. கணவர் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போடச் சொன்னார். அவளும் லீவு போட்டுவிட்டுப் போனாள். தள்ளுபடிக்காக வந்த ஜனம் செருப்பைக் காலில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஒரு மூலையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைக் கிளப்பினார். ஒரு குழந்தை நின்று பார்த்தது. அதன் அம்மா, "வா, அளவு பாக்கணும்" என்று இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் மட்டும் கைதட்டினார். ஆனாலும் கணவர் பாதியில் நிறுத்தவில்லை. குளிரில் கிளம்பி, மேட்டில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் பிரேக் போட்டுத்தான் முடித்தார். பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "இவங்களுக்கு ரசனை இல்ல. அங்க இருக்கறவங்க வேற, இவங்க வேற."

அங்கே இருக்கிறவர்கள் தட்டில் படுத்திருக்கும் போன்கள். அவளுக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்று பிடித்த குடையை அவர் வீடு என்று நம்பிக் குடியேறிவிட்டார்.

அடுத்த வாரம் ஓட்டு விற்கிற அறைக்காரர் கையைப் பிசைந்தார். "தளத்துல கெடுபிடி ஜாஸ்தியாயிடுச்சுக்கா. புதுக் கணக்குல ஓட்டு போட்டா அழிச்சிடறான். பழைய கணக்குதான் செல்லும். அதுக்கு வெல வேற. ரெண்டு மடங்காகும்."

அவள் படிக்கட்டில் நின்று யோசித்தாள். யோசிப்பதற்குக்கூட ஒரு களைப்பு இருந்தது. ஓவர்டைமுக்கு மேல் செய்ய இன்னொரு நாள் பூமியில் இல்லை. "போதும் தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

எண் விழுந்தது. பத்து, அப்புறம் ஆறு. கணவர் போனைத் தட்டினார், அணைத்துப் போட்டார், மருமகனுக்குப் போன் செய்து சிக்னலைக் குறை சொன்னார். மூன்று நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, அவள் காயப்போட்ட துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தார்.

"விஷயம் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அவள் கை நின்றது.

"எலக்ட்ரீஷியன் சொன்னான். காசு குடுத்து ஓட்டு வாங்கறானுங்களாம். அந்தப் பயலுங்கதான் நம்மள கீழ தள்ளிட்டு மேல போறானுங்க. வெக்கங்கெட்டவனுங்க."

அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

அவர் குரல் இறங்கி, "ஏம்மா" என்றார். "ஒரே ஒரு தடவ நாமளும் வாங்கிப் பாக்கலாமா? சும்மா ஒரு தள்ளு குடுத்தா போதும், அப்புறம் வண்டி தானா ஓடிக்கும்."

மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் மறைப்பதும் ஒரு வேலை; அன்று அவளிடம் இன்னொரு வேலைக்குத் தெம்பில்லை.

"வாங்கியாச்சுங்க."

"எப்போ?"

"மூணாவது வீடியோல இருந்து."

அவர் அவளைப் பார்த்தார். ஓவர்டைம், மணிக்கட்டு வீக்கம், மைக் வாங்கியபோது அவள் விட்ட பெருமூச்சு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஏமாத்தினியா? இல்ல என்னப் பாத்துப் பாவம்னு நெனச்சியா?"

"ரெண்டும் இல்ல. நீங்க பேசணும்னு நெனச்சேன்."

"அதுக்கு என்கிட்ட பேசியிருக்கலாமே."

"பேசினேனே. தலையாட்டினீங்க."

அவர் எழுந்து போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு இல்லை. ஆனால் இது பழைய மௌனம் இல்லை, கோபம் இருந்தது. தட்டை வைக்கிற சத்தத்தில் இருந்தது, கதவைச் சாத்துவதில் இருந்தது. பீரோவுக்குக் கோபம் வராது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்த வாரத்திலேயே தளத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஓட்டு மோசடி நடந்திருப்பதால் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படுகிறது என்று. வீடியோக்கள் எல்லாம் போயின. அப்பா வண்டியைப் பற்றி எழுதிய அந்த முகம் தெரியாத ஆளும் போனார். கணவர் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுப் போனை அவள் முன்னால் வைத்தார். "சர்வீஸ்ல இத்தன வருஷம், ஒரு மெமோ வாங்கினதில்ல நான்" என்றார்.

"தப்பு என் மேலதான்" என்றாள் அவள்.

"கணக்கு என் பேர்லதானே இருந்துச்சு."

மகள் போனில் இருவரையும் ஒன்றாகத் திட்டினாள். "ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்களா? ஒரு மெசேஜ் போட்டா நாங்க அம்புட்டு பேரும் ஓட்டு போட்டிருக்க மாட்டோமா?" நல்ல பெண், ஆனால் சொந்தக்காரர்கள் பாவம் பார்த்துப் போடுகிற ஓட்டிலும் ஒரு வலி இருப்பது அவளுக்குப் புரியவில்லை.

ஒரு மாதம் போல ஆனது. பழைய டிப்போ நண்பர் ஒருவர் சொல்லி, ஸ்கூல் பஸ்கள் நிறுத்துமிடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஓட்டுகிற வேலை இல்லை. பின்னால் நின்றுகொண்டு, "வரலாம் வரலாம், போதும்" என்று டிரைவர்களுக்குக் கைகாட்டுகிற வேலை. சம்பளம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் விடிந்தால் கிளம்பிப் போக ஓர் இடம். யார் எந்த வண்டியை எங்கே உரசினான் என்று சாயங்காலம் ஒன்றிரண்டு வார்த்தை வந்தது. முதலில் சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து.

அவள் ஓவர்டைமை விட்டாள். வீக்கம் குறைந்தது, வலி முழுசாகப் போகவில்லை. "சரியாயிடுச்சாக்கா?" என்று விரிப்பின் எதிர்முனையிலிருந்து ரேடியோ கேட்டாள். எது என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. "ஆகுது" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் கூட்டமில்லை, ஜன்னலோர சீட் கிடைத்தது. டிரைவர் கியர் மாற்றியபோது கரகரவென்று உரசியது. "கிளட்ச்ச முழுசா மிதிக்கல" என்று அவர் முணுமுணுத்தார். "கேட்டுதா?" என்றார். அவள் "ம்" என்றாள். அடுத்த நிறுத்தத்துக்கு முன்னாலேயே அவள் தலை அவர் தோளில் சாய்ந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் விழித்திருந்தார். வாரம் முழுக்க வெயிலில் நின்று கைகாட்டிய உடம்பு. அவரும் தூங்கிப்போனார்.

கண்டக்டர் வந்து சீட்டைத் தட்டியபோது பஸ் காலியாக நின்றிருந்தது.

"பெரியவரே, கடைசி ஸ்டாப் வந்தாச்சு. எங்க இறங்கணும் நீங்க?"

அவர் இடத்தைச் சொன்னார். அது வெகு பின்னால் போய்விட்டிருந்தது.

"அடடா. இதே வண்டிதான் திரும்பிப் போகும். டீ குடிச்சிட்டு எடுப்பாரு டிரைவர். உக்காருங்க."

"இறங்கி ஏறணுமா?" என்று கேட்டாள் அவள், இன்னும் கண்ணைத் திறக்காமல்.

"வேணாம், உக்காந்திரு" என்றார் அவர். மகளுக்குப் போன் செய்து, வர நேரமாகும், நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் தலை சாய்ந்திருந்த தோளை அசைக்காமல் மற்றக் கையால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தார்.