புல்லில் நின்று சொல்லச் சொன்னவர்

செய்தி வந்தபோது குரோய்டன் ட்ராமில் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவள் லீசா, மருத்துவமனையில் தாதி, பிலிப்பைன்ஸ்காரி. அக்கா விடியற்காலையில் போய்விட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ‘அக்கா’ மட்டும் தமிழ். அடுத்த தரிப்பில் இறங்கி நின்றேன். எங்கே போவதென்று தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை.

புஷ்பா அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். மலேசியாவிலிருந்து படிக்க வந்து டூட்டிங்கிலேயே தங்கிவிட்டவர். மடகாஸ்கரிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரந்து கிடக்கும் ஒரே குடும்பத்து மொழிகளில், புல்வெளிக்கும் வயலுக்கும் என்னென்ன சொற்கள் என்று திரட்டுவதே அவர் வாழ்க்கை. புல்வெளி மலாயில் பாடாங், பிலிப்பைன்ஸின் தகாலொக்கில் பாராங். வயல் மலாயில் ஹூமா, பிலிப்பைன்ஸின் இன்னொரு மொழியான விசயாவில் ஊமா. கடல் பிரித்த சகோதரங்கள் மாதிரி அவற்றை அருகருகே வைத்துப் பார்த்துச் சிரிப்பார். நான் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பவன். சனிக்கிழமைகளில் அவருடைய ஒலிப்பதிவுக்காரன், சம்பளமில்லாத வேலை.

அறைக்குள் இருந்து சொன்ன சொல்லை அவர் ஏற்கவே மாட்டார். ஒருமுறை இந்தோனேசியச் சமையல்காரர் ஒருவர், தேநீர்க் கடையில் வைத்து, பாடாங்கும் லாடாங்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். அக்கா அந்த மனிதரை மிச்சம் என்ற பகுதியிலுள்ள புல்வெளிக்கு இழுத்துக்கொண்டு போனார். கொட்டும் மழை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. சமையல்காரர் சப்பாத்துக் காலால் புல்லைத் தள்ளிப் பார்த்துவிட்டு, இது பாடாங், சும்மா கிடக்கிற வெளி. லாடாங் என்றால் காடு வெட்டி, எரித்து, விதைத்திருக்கவேண்டும் என்று தானே திருத்தினார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“சொன்னேன்லா. நாற்காலியில உட்கார்ந்தா அகராதிதான் பேசும். புல்லுல நின்னாத்தான் மனுஷன் பேசுவான்.”

அன்றைக்கு என்னையும் விடவில்லை. தமிழ் அந்தக் குடும்பத்தில் இல்லை, சும்மா ஆசைக்குத்தான் கேட்டார். எங்கள் ஊர் வீட்டு வளவுக்குப் பின்னால் மாடு மேயும் வெட்டவெளி, மாரியில் வெள்ளம் நிற்கும், அதைத் தரவை என்போம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் ஒலிப்பதிவுக் கருவியைப் போடவிடவில்லை. அங்கே போய் நின்று சொல்லவேண்டுமாம்.

“அங்க போகேலாது அக்கா. யுத்தத்தில புதைச்ச கண்ணிவெடி கிடக்கெண்டு இன்னும் வேலி போட்டிருக்கு.”

“அப்போ காத்திருக்கேன்” என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் பக்கவாதம் அவர் பேச்சைக் கொண்டுபோனது. தமிழ், மலாய், ஆங்கிலம், எதுவும் மிஞ்சவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் பூனைப் படமும் கோப்பைப் படமும் காட்டினாள். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்தக் கணத்தில்தான் அந்த எண்ணம் வந்தது: இவரிடம் போய்ப் படத்தைக் காட்டிச் சொல் கேட்பதா? புல்லில் கொண்டுபோய் விட்டால் ஒரு சொல்லாவது வரும். ஒரு சொல் வந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். எனக்கு வேறு நம்பிக்கை இருக்கவில்லை, இதையே பிடித்துத் தொங்கினேன். மருத்துவர் மறுத்தார். திரும்பத் திரும்பப் போய்க் கெஞ்சினேன். கடைசியில் லீசா தன் விடுமுறை நாளில் கூட வருவதாகப் பொறுப்பேற்றபின் விட்டார்கள்.

அதே மிச்சம் புல்வெளி. சக்கர நாற்காலியிலிருந்து கையை நீட்டி அக்கா புல்லைத் தடவினார். நான் கருவியை ஓடவிட்டு முன்னால் குந்தினேன்.

“அக்கா, இதுக்கு உங்கட ஊரில என்ன பேர்?”

உதடு அசைந்தது. மூச்சுத்தான் வந்தது. திரும்பக் கேட்டேன். பைத்தியக்காரனைப் போலக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தாங்கமுடியாமல் லீசா தன் மொழியில் பாராங், பாராங் என்று எடுத்துக்கொடுத்தாள். அக்கா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணால் நீர் வழிந்தது. பிறகு, ஒருவர் பேச்சை முடிக்கும்வரை பதிவை நிறுத்தவிடாத அந்த மனுஷி, தானே கையை நீட்டிக் கருவியை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு அவர் எதற்கும் முயலவில்லை. நாங்கள் கொண்டுபோன சாப்பாட்டையும் தொடவில்லை. வசந்தம் முடியுமுன் போய்விட்டார்.

அவரிடமிருந்து என்னிடம் கடைசியாக மிஞ்சியது அந்தப் பதிவுதான். அதில் காற்று இருக்கிறது, என் குரல் இருக்கிறது, லீசாவின் ஒரு சொல் இருக்கிறது. அக்கா இல்லை.

எரியூட்டிவிட்டு வந்த மறுநாள் ஊரிலிருந்து தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். தரவை வேலியைக் கழற்றியாயிற்றாம், மாடுகள் உள்ளே போகத் தொடங்கிவிட்டனவாம். “இனிப் பயமில்லை அண்ணை, வந்து பாருங்கோ” என்றாள். போகலாம். கருவியையும் கொண்டுபோகலாம். புல்லில் நின்று வாயைத் திறக்கலாம். இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு என்று என்னை யார் கேட்பார்?