வரப்பில் நின்ற ஊதாப்பூச் செடி

வெள்ளைக்காரன் காலம். நான் மதுரையில் வாத்தியாராக இருந்தேன். மனைவி திருமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். எங்கள் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்தபோது, நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. சின்னக் குழந்தைகளை நிலத்தோரம் புதைப்போம், கல் நடுவதில்லை. எந்த இடம் என்று அவளிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கேட்காமலே இருந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு விடுமுறையில், அவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று வரப்பு முழுவதையும் செதுக்கினேன். புதராக ஊதாப் பூ பூத்து நின்ற சீதேவி செங்கழுநீர்ச் செடியையும் வேரோடு பிடுங்கி உதறி எறிந்தேன். கஞ்சி கொண்டுவந்தவளிடம், "வாத்தியார் வேலை எப்படி? வரப்பு எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாத்தியா?" என்றேன்.

அவள் கலயத்தை இறக்கி வைத்தாள்.

"ஊதாப்பூச் செடி நின்னுச்சே, எங்கங்க?"

"களைதானே, பிடுங்கிட்டேன்."

"அதுக்கு அடியிலதாங்க புள்ள கெடக்கான். வேலை முடிஞ்சா அது பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். எங்கன பிடுங்குனீக?"

ஓர் இடத்தைக் காட்டினேன். பிறகு வேறோர் இடத்தைக் காட்டினேன். செதுக்கிய வரப்பு நெடுக ஒரே மாதிரி இருந்தது.

விதை சிதறியிருக்க வேண்டும். அடுத்த மழைக்கு வரப்பு முழுவதும் ஊதாப் பூ பூத்தது. அவள் வரப்பின் முனையிலேயே நின்றுவிட்டாள்.

"எங்கங்க உக்காரட்டும்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

அவளும் போய் வெகுகாலம் ஆகிறது. அந்த வரப்பில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல், நான் இன்றும் வயலில் இறங்கியே நடக்கிறேன்.