பொகை ரூம் சுவரும் ஆபீஸ் கம்ப்யூட்டரும்

ஊஊ... ஈஈ... ஊஊ... ஈஈ...

ஆம்புலன்ஸ் இல்லீங்க. பழைய கம்ப்யூட்டர்ல ப்ரொசசர் சூடு தாங்காம கத்துற சத்தம். இப்ப உள்ள புள்ளைங்களுக்கு இது தெரியாது. எனக்கு அதைக் கேட்டா இன்னும் கை தானா வயரை இழுக்கப் போகும்.

எஹலியகொட டவுன்ல ஒரு ரிப்பேர் கடையில சேர்ந்த புதுசு. நாங்க இருந்த ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் எனக்கு வந்த மொத பெரிய வேலை. பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் கத்தும்... ஆஃப் ஆகும். தெனம் இதே கூத்து.

கடைக்குக் கொண்டுவந்து ஃபேன்ல இருந்த கரியெல்லாம் தொடைச்சேன். ப்ரொசசருக்குப் புது பேஸ்ட் போட்டேன். ரேமைக் கழட்டி அழிரப்பரால தேய்ச்சேன். நாள் முழுக்க ஓடவிட்டேன்... கம்முனு ஓடுச்சு.

திருப்பி அனுப்புனா, மறுநாளே ஃபோன். "மறுபடியும் கத்துதும்மா!"

மெஷின் திரும்பக் கடைக்கே வந்துச்சு. ப்ரொசசர் செத்துருச்சு, மாத்துன்னு மொதலாளி சொல்றார். நான் இல்லைன்னேன். செத்தது எப்படிங்க கடையில மட்டும் உசுரோட ஓடும்? அவருக்குக் கோவம் வந்துருச்சு.

"மே பார ஹரி கியே நத்தங் கெதர இந்தங்கோ நங்கி."

இந்தத் தடவை சரிவரலைன்னா வீட்டோட இருந்துக்கன்னு சிங்களத்துல சொல்லிட்டார்.

வீட்டோடன்னா, அம்மா கூட ரப்பர் மரத்துல பால் வெட்டப் போகணும். அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு இந்த வேலைதான் வேணும். விடவே மாட்டேன்னு மெஷினைத் தூக்கிக்கிட்டு நானே தோட்டத்து பஸ் ஏறிட்டேன்.

ஆபீஸ்ல பெரிய கிளாக்கர் ஐயா மூலையைக் காட்டினார். "அங்க வைம்மா, அதான் அதோட எடம்."

வச்சுட்டு பக்கத்துலயே ஒக்காந்தேன். காலையில ஒழுங்கா ஓடுச்சு. பகல் சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரம்... ஊஊ... ஈஈ...

வயரை இழுக்க பின்னாடி கையை விட்டேன். சுவர் சுட்டுச்சு.

அட கடவுளே! அந்தப் பக்கம் பொகை ரூம். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு பொகை போடுற எடம். பகலுக்கு மேலதான் நெருப்பு மூட்டுவாங்க. நம்ம ஊரு மழைக்கு வேற எங்க என்ன காயும்? அதே ரூமோட வெளிச்சுவர்லதான் லயத்து வீட்டுப் புள்ளைங்க எல்லாம் கால்ல போட்டு நனைஞ்ச ஸ்கூல் சப்பாத்தைக் காய வைப்போம். நானுந்தான்!

"ஏங்க ஐயா இங்க வச்சீங்க?"

"ஈரம் புடிச்சிரும்னுதாம்மா... இங்கதானே கதகதன்னு இருக்கு."

பாவம் மனுசன், பாசத்துல வச்சிருக்கார். எனக்கு சிரிப்பை அடக்க ஏலல. ரெண்டு பேருமா மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டோம். ஆபீஸ் மூடுற வரைக்கும் சத்தமே இல்ல. அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு.

இப்ப சொந்தக் கடை. சூடு எவ்ளோன்னு ஸ்க்ரீனே சொல்லிருது. இருந்தாலும் மெஷின் கொண்டுவர்றவங்ககிட்ட "வீட்ல எங்க வச்சிருக்கீங்க?"ன்னுதான் மொதல்ல கேப்பேன். கடையில வேலை பழகுற தங்கச்சிங்க சிரிக்குதுங்க... சிரிக்கட்டும்.

போன மாசம் அதே ஆபீஸ்ல இருந்து லேப்டாப் ஒண்ணு வந்துச்சு. கொண்டுவந்த புது கிளாக்கர்கிட்ட, அந்த மூலையிலயா வச்சிருக்கீங்கன்னு கேட்டேன்.

"ஐயோ மிஸ், அங்க எப்படி வைக்கிறது? அது நாங்க சப்பாத்து காயப் போடுற எடம்!"

அந்தச் சுவரை ஒருக்கா போய்த் தொட்டுப் பாக்கணும் போல இருந்துச்சு...