தாமரைக்கோழியின் சிறகுக்குள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். நான் படித்தது கொஞ்சம்தான். வரவு செலவு எழுத வரும்; மனசில் உள்ளதை எழுதிப் பழக்கமில்லை. சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிலர் என்னையே கும்பிட வந்துவிடுவார்கள். இரண்டுக்கும் பயந்து இருந்துவிட்டேன்.

கோட்டையூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விவசாயம்தான் பிழைப்பு. என் வீட்டுக்காரி பிள்ளை பெற்ற படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தாள். பெண் குழந்தை. பக்கத்து வீட்டு மகராசி ஒருத்தி தன் பிள்ளையோடு இதற்கும் சில மாதம் பால் கொடுத்தாள். பிறகு பாலாடையில் பசும்பால் புகட்டினோம். பகலில் என் அக்கா பார்த்துக்கொள்வாள். விடியற்காலையில் மட்டும் குழந்தை யாரிடமும் அடங்காது. குளித்துத் திருநீறு பூசி, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஊருக்குக் கிழக்கே உள்ள தாமரைக் குளத்தைச் சுற்றி வருவேன். கரைமேல் ஏறியதும் அழுகை நின்றுவிடும்.

முதலில் குழந்தைக்காக நடந்தேன். பிறகு என்னாலேயே போகாமல் இருக்க முடியவில்லை. தண்ணீருக்குள் முங்கிய முக்குளிப்பான் எங்கே எழும் என்று நான் ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது வேறெங்கோ எழும். ஒருநாளும் நான் ஜெயித்ததில்லை. மீன்கொத்தி பாயும்போது தெறிக்கும் நீலத்தை எந்தச் சாயக்காரனால் காய்ச்ச முடியும்? சந்நிதியில் திரை விலகும்போது உடம்பில் ஒரு நடுக்கம் வருமே, அது அங்கேயும் வரும்.

அந்தக் கார்த்திகையில் ஒரு தாமரைக்கோழி இலைமேலேயே முட்டையிட்டிருந்தது. வெண்கலச் செம்பு நிறத்தில் நாலு முட்டை. பறவைக்குப் பிடரியில் பொன் பூசினாற்போல் இருக்கும். வால் அரிவாளாக வளைந்து நீண்டிருக்கும். ஒற்றையாகவே அடைகாத்தது. துணை வந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரியின் அண்ணன் ஒக்கூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார், குழந்தையைக் கொண்டுபோய் வளர்க்க. இரவு தங்கினார். விடிந்ததும் வழக்கம்போல் நான் கரைக்குப் போக, பின்னாலேயே வந்துவிட்டார்.

"வண்டி பூட்டியாச்சு. நீக இங்குட்டுப் புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கரையச் சுத்துறீக!"

"இந்த ஒரு சுத்து மச்சான்."

"போன சுத்துலயும் இதத்தான் சொன்னீக. எங்க வீட்டுல பொம்பளைக இருக்காக, பாத்துக்கிருவாக. நீக வேற கல்யாணத்தப் பண்ணிக்கிட்டு நல்லா இருங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. குழந்தை போன பிறகு அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மேலே கருடன் வட்டமிட்டது. இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கை இறங்குவதற்குள் அது குளத்தை நோக்கிச் சரிந்தது. அப்போதுதான் கண்டேன், இலைகளின் மேல் பஞ்சுருண்டைகளாக நாலு குஞ்சுகள். கும்பிட்ட வாயால் எப்படி விரட்டுவது?

தாமரைக்கோழி ஒரு குரல் கொடுத்து இலைமேல் பதுங்கியது. சிறகை லேசாக விரித்தது. குஞ்சுகள் ஓடிப்போய் உள்ளே புகுந்தன. சிறகை இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றது. அடியில் குஞ்சுகளின் நீண்ட கால்கள் மட்டும் வேர் மாதிரித் தொங்கின. ஒரு பறவைக்குப் பத்துக் கால்! அப்படியே இலை இலையாக நடந்து கோரைக்குள் மறைந்துவிட்டது. கருடன் தாழ்ந்து பார்த்துவிட்டு வெறுங்காலோடு மேலே போனது.

"ஆத்தாடி!" என்றார் மச்சான். முருகா என்று குழந்தையைத் தோளோடு இறுக்கிக்கொண்டேன். குழந்தை என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

கொஞ்சம் கழித்து அவர், "அது தாய்க்கோழி மச்சான். நீக தாயா?" என்றார்.

"அது தாயோ தகப்பனோ, எனக்குத் தெரியல. ஒத்தையா நிக்குது, அம்புட்டுத்தான் தெரியும்."

"அதுக்கு ரெக்கை இருக்கு."

"எனக்கு இல்லைதான். ஆனாலும் புள்ளையத் தரமாட்டேன் மச்சான்."

அதுவரை அவரிடம் நான் முடியாது என்று சொன்னதே இல்லை. அவர் கோரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சித்திரை வரைக்கும் பாப்பேன். புள்ள மெலிஞ்சிருந்துச்சு, உங்களையும் சேத்து வண்டியில அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிருவேன், ஆமா!"

சித்திரையில் வந்தார். குழந்தை அவர் மீசையைப் பிடித்துத் தொங்கியது. வண்டி வெறுமனே திரும்பியது.

ஒக்கூரில் இதைச் சொன்னவர் அவர்தான். வாய்க்கு வாய் அது வளர்ந்தது. பறவைக்கு நூறு கால் முளைத்தது. அது என்னிடம் பேசியதாம். கரையில் சிலர் கற்பூரம் கொளுத்தினார்கள். இன்று என் மகளே தன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்கிறாள். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் கண்டபடியே சொல்லுங்கள். கருடனைப் பொல்லாததாக்க வேண்டாம், அதற்கும் பசி. பறவை பேசவில்லை, குஞ்சுகளைச் சுமந்துகொண்டு நடந்தது. நடக்க வைத்தவன் முருகன் என்று நான் நம்புகிறேன். அது என் நம்பிக்கை. அதைக் கதையோடு சேர்த்துவிடாதீர்கள்.