பெயர்கள் இருந்த கோப்பை

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் வாட்ச்மேன் அவர். நரைத்த மீசை, வளையாத முதுகு. ராணுவத்தில் அதிகாரிகளின் மெஸ்ஸில் பரிமாறியவர். கலைக்கப்பட்ட ஏதோ ஒரு படைப்பிரிவின் வெள்ளிக் கோப்பையை முதலாளி ஏலத்தில் எடுத்து வரவேற்பறையில் வைத்திருந்தார். வாட்ச்மேன் தினமும் அதை வேஸ்ட் பனியன் துணியால் துடைப்பார். வெறும் விரல் அதன்மேல் படவே விடமாட்டார்.

போரில் இறந்தவர்களின் பெயர்களும் தேதிகளும் அதைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருந்தன. இப்படிப்பட்ட பெயர்களையும் தேதிகளையும் குறித்து வைப்பது வரலாற்று ஆய்வாளனான என் வேலை. கோப்பையைப் பார்க்கப் போன அன்று நோட்டு கொண்டுபோகவில்லை.

“இன்னைக்கே எழுதிக்கோங்க சார். காயிதம் நான் தாரனுங்க,” என்றார்.

“கோப்பை எங்கே ஓடப்போகிறது? அடுத்த வாரம் வருகிறேன்,” என்று சிரித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனால் கோப்பை வழவழவென்று இருந்தது. பெயர்கள் இருந்த இடத்தில் கம்பெனி முத்திரை. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பரிசாம்!

“நீங்கள் தடுக்கவில்லையா?” என்று கத்தினேன்.

“செத்தவங்க பேரு அபசகுனம்னுட்டாருங்க மொதலாளி. பாலீஷ் பட்டறைக்கு நான்தானுங்க தூக்கிட்டுப் போனேன். வேற ஆருகிட்டக் குடுக்கறது? போறப்பவே பதினோரு பேரையும் படிச்சு மனப்பாடம் பண்ணிக்கிட்டனுங்க. எழுதிக்கறீங்களா?”

எழுதினேன். “தேதிகள்?”

“அதைப் பாக்கலீங்க. நீங்க அடுத்த வாரம் வர்றேன்னு சொன்னதையே நெனச்சுக்கிட்டு விட்டுட்டனுங்க.”

முதலாளி மேலிருந்த கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. வாட்ச்மேன் கோப்பையை வெறும் கையால் பற்றி ஓரமாக நகர்த்தினார். விரல் தடம் அப்படியே இருந்தது. அவர் துடைக்கவில்லை.