என் பிரஷர் மகனுக்குத் தெரியும்

"உங்க பிரஷர் நார்மலாம்ப்பா" என்று மகன் புனேயிலிருந்து போனில் சொன்னபோது, நான் ஆரம்பாக்கத்தில் என் வீட்டு அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். என் கையில் யாரும் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்து மாதக்கணக்கில் ஆகிறது. எனக்கே தெரியாத சேதி அவ்வளவு தூரத்தில் இருப்பவனுக்கு எப்படித் தெரிந்தது?

"மெசேஜ் வந்துச்சுப்பா. நூத்தி முப்பதுக்கு எண்பது. போன மாசமும் அதேதான். அதுக்கு முன்னாடி மாசமும் அதேதான். சூப்பரா மெயின்டெயின் பண்றீங்க."

எனக்குச் சுருக்கென்றது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் உலையின் சூட்டை அளந்து எழுதியே ஓய்வு பெற்றவன் நான். ஒரு மீட்டர் மாதா மாதம் ஒரே எண்ணைக் காட்டினால் ஒன்று அது கெட்டுப்போயிருக்க வேண்டும், இல்லை யாரும் அதைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். ஆனால் மகனிடம் சொல்லவில்லை. அவன் பேசுவதே சில நிமிஷம். அதில் புகார் படிப்பானேன் என்று, பேரன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். தூங்குகிறானாம்.

வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை தரும் அரசுத் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தபோது பஞ்சாயத்து அலுவலகத்தில் முகாம் போட்டார்கள். பெயர் பதிந்த பெண் போன் நம்பர் கேட்டாள். நான் யோசிக்காமல் மகன் நம்பரைச் சொன்னேன். எனக்கு முன்னால் நின்றவரும் மகன் நம்பர்தான், பின்னால் நின்ற அம்மாள் மருமகன் நம்பர். எங்கள் பக்கத்தில் கேஸ், ரேஷன், பேங்க் எதுவானாலும் படித்த பிள்ளையின் நம்பரைத்தான் கொடுப்போம். நம் போன் சார்ஜ் இல்லாமல் எங்காவது கிடக்கும் என்பது ஒரு காரணம். எனக்குப் பின்னால் ஒருத்தன் இருக்கிறான் பார் என்று நாலு பேர் நடுவில் காட்டிக்கொள்வது இன்னொரு காரணம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த இரண்டாவது காரணம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தேவைப்பட்டது.

மாத்திரை கொண்டுவருகிற பெண் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆரம்பத்தில் மாதம் தவறாமல் வந்தாள். "இன்னா நைனா, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் கேட்டைத் திறப்பாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பட்டையைக் கட்டுவாள். மிஷின் உறுமி அடங்கும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: மனைவி போன பிறகு என்னை ஒரு மனிதக் கை தொட்டது அந்த நேரத்தில் மட்டும்தான். அவள் வரும் நாளில் நான் சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிறகு ஊர் பெருத்தது. கம்பெனி வேலைக்கு வந்த வடக்கத்திப் பிள்ளைகளுக்காக வயல் ஓரமெல்லாம் வரிசை வீடு கட்டினார்கள். அந்த வீடுகளும் அவள் தலையில் விழுந்தன. மாத்திரைப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு "நைனா, மாட்டிக்கிறேன்!" என்று தெருவிலிருந்தே கத்திவிட்டுப் போக ஆரம்பித்தாள். நான் வாசலுக்கு வருவதற்குள் வண்டி திரும்பியிருக்கும். தன் போனில் மட்டும் எனக்குப் பிரஷர் பார்த்ததாக ஏற்றிவிடுவாள் போலிருக்கிறது. மெசேஜ் புனேக்குப் போகும், மகன் நிம்மதியாக இருப்பான், மேலிடத்துக் கணக்கிலும் நான் நலமாக இருப்பேன். எல்லோருக்கும் சௌகரியம், என்னைத் தவிர.

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. மறுநாளே ஷேர் ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் என் பெயரைத் தட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு மாசா மாசம் பாத்துக்கினுதானே கீறாங்க. இதோ பச்சைல காட்டுது பாருங்க."

"ஐயா, கையி என்னுது. யாரும் பாக்கலன்னு நான் சொல்றேன்."

"சிஸ்டத்துல கீதே."

"அப்ப சிஸ்டத்துக்கே மாத்திரை குடுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். சின்ன வயசு. கூப்பிட்டு உட்காரவைத்து, தானே பட்டையைக் கட்டினார். மிஷினைப் பார்த்தவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நார்மல் என்று எழுதியிருந்ததால் மாத்திரையும் மாறாமல் பழைய அளவிலேயே வந்துகொண்டிருந்திருக்கிறது. "நல்ல வேளை, வந்தீங்க" என்று வேறு மாத்திரை எழுதினார்.

பிறகு, பதிந்திருந்த நம்பர் யாருடையது என்று கேட்டார். மகனுடையது என்றேன்.

"அதுதான் தப்பு. உங்க நம்பரைப் போட்டுடலாம். பாக்காமலே பாத்ததா மெசேஜ் வந்தா உடனே எனக்குச் சொல்லுங்க. ஒவ்வொரு நோயாளியும் இப்படிக் கேட்டாத்தான் கணக்கு உண்மையாகும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னை ஒரு வேலைக்கு யாரும் நம்பியதில்லை. சரி என்று தலையாட்டி, என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் அவள் வந்தாள். நாஷ்டா ஆச்சா என்று கேட்கவில்லை. டீ வேண்டாம் என்றாள். பட்டையைக் கட்டி, மிஷினை வாசல் திண்டின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். எண்ணைத் தன் போனில் ஏற்றியதும் என் சட்டைப் பையில் போன் சிணுங்கியது.

"சரியா கீதா பாத்துக்கோங்க நைனா" என்றாள். கேட் வரை போனவள் திரும்பினாள். "என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தினி ஊட்டுக்கு ஒருத்தி எப்படிப் போவேன்னு யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல."

நியாயம்தான். ஆனால் என் பிரஷரும் நியாயம்தானே.

அந்த மாதம் மகனிடமிருந்து போன் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அவள் வந்தாள், பார்த்தாள், மெசேஜ் எனக்கு வந்தது. போன் வரவில்லை. எனக்குத் திக்கென்றது. அவன் எப்போதெல்லாம் பேசியிருக்கிறான் என்று யோசித்துப் பார்த்தேன். பொங்கல், தீபாவளி நீங்கலாக, ஒவ்வொரு தடவையும் "மெசேஜ் வந்துச்சுப்பா" என்றுதான் ஆரம்பித்திருக்கிறான்.

நானே கூப்பிட்டேன். அவன் குரலில் கொஞ்சம்கூடக் கள்ளமில்லை.

"மறந்தே போச்சுப்பா. மெசேஜ் வந்தா டக்குனு ஞாபகம் வரும், உடனே கூப்பிடுவேன். இப்ப ஏன் வர்றதில்ல?"

நம்பர் மாற்றிய கதையைச் சொன்னேன். நல்லதுதானே, நேராக உங்களுக்கே வருதே என்றான். பிறகு மீட்டிங் என்று வைத்துவிட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கெட்ட பிள்ளை இல்லை. அவன் நினைப்புக்கு ஒரு மணி அடிக்க வேண்டியிருந்தது. அந்த மணியை நானே போய்ச் சண்டை போட்டுக் கழற்றி வாங்கி, என் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

அடுத்த முறை அவள் வந்தபோது நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்த நம்பரைத் திரும்பப் பையன் நம்பரா மாத்திடும்மா. உன்னால வர முடியாத மாசம் பழையபடி ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுக்க. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். மெசேஜ் மட்டும் அவனுக்குப் போயிடணும்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "நல்லா கீதே நைனா. நீங்க போய் சொன்னதுலேர்ந்து எனக்கு மாசா மாசம் செக்கிங். இனிமே பொய் நம்பர்லாம் போட முடியாது. பையன் நம்பர் வேணா மாத்திக் குடுக்கறேன்."

"அது போதும்."

நம்பரை மாற்றினாள். சட்டைக் கையை அவளே மடித்துவிட்டுப் பட்டையைக் கட்டினாள். மிஷின் அடங்கியதும் எண்ணைப் பார்த்துவிட்டு, ஏற்றாமல் விரலைப் போன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இறங்கல நைனா, ஜாஸ்தியாத்தான் கீது. இதை அப்படியே அனுப்பினா தம்பி பயந்துடும். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு வாட்டி பாத்துட்டுப் போடட்டா?"

"வேணாம்மா, இப்பவே போடு" என்றேன். "பயப்படட்டும். பயந்தாவது பேசட்டும்."