கோர்ட் கலையும் வரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்பா மிஷன் பள்ளியில் தலைமையாசிரியர். எங்கள் வீட்டில் எதற்கு மன்னிப்பு உண்டோ இல்லையோ, பொய்க்குக் கிடையாது. மதுரைக் கோர்ட்டில் இலவச சட்ட உதவி வக்கீலாகச் சேர்ந்த முதல் மாதம் நான் பார்த்த வழக்கம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அதனால்தான்.

சில்லறை வழக்குகள் எடுக்கும் நாளில் காலையிலேயே வராந்தாவில் ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் படுப்பவர்கள், கோயில் வாசலில் கையேந்துபவர்கள், ஆற்றுப் பாலத்துக்கு அடியில் குடும்பம் நடத்துபவர்கள். ஏட்டு ஒருவர் வரிசையை ஒட்டி நடந்துகொண்டே, "ஐயா கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லணும். கதை பேசக் கூடாது, என்ன?" என்று பாடம் எடுப்பார். பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக உள்ளே போய், கைகூப்பி, "ஒத்துக்கிறேன் சாமி" என்பார்கள். 'கோர்ட் கலையும் வரை' என்று தண்டனை கிடைக்கும். நீதிபதி எழுந்து போகும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் தண்டனை தீர்ந்தது; சாயங்காலம் நடையைக் கட்டலாம். உண்மையிலேயே செய்தாயா என்று இரண்டாம் தடவை கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த வரிசையில்தான் அந்தம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். காலி பாட்டில் பொறுக்கி எடைக்குப் போடுகிறவர். கல்யாண மண்டபத்தில் பித்தளைக் குழாய் திருடியதாக வழக்கு. வாய்தாவுக்கு வரவில்லை என்று வாரண்ட் போட்டுப் பிடித்து வந்திருந்தார்கள். சம்மனை எங்கே கொடுத்தார்கள் என்று காகிதத்தைப் புரட்டினேன். பாலத்துத் தூணில் ஒட்டியதாக எழுதியிருந்தது. அந்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏதோ தேர்தல் நோட்டீஸ் என்று நினைத்தாராம்.

"குழாயை நீங்க எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல தாயி. எச்சி இலை போடுற பக்கம் பாட்டில் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். அம்புட்டுத்தான்."

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கணும்?"

"ஒத்துக்கிட்டா சாயங்காலம் விட்டுருவாக. நான் இன்னைக்கே போகணும் தாயி, அங்க..."

நான் முடிக்க விடவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னா காலத்துக்கும் திருடின்னு பேர் நிக்கும். இல்லைன்னு சொல்லுங்க. நான் இருக்கேன்ல" என்றேன். பெரிய மகாராணி நான்!

உள்ளே நீதிபதி கேட்டார். அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "இல்லங்க சாமி" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த நீதிபதியின் பேனா நின்றது. ஏட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுத்தால் விசாரணை நடக்க வேண்டும். அதுவரை வெளியே விட ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும், ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதுமாக. பாலத்தடியில் யாரிடம் வீட்டு வரி ரசீது இருக்கும்? வக்கீல் தன் கட்சிக்காரருக்கு ஜாமீன் நிற்கக் கூடாது என்பது தொழில் விதி. ஜாமீன்தாரர் இல்லாமல் அந்தம்மாவின் சொந்தப் பொறுப்பிலேயே விடும்படி கேட்டேன். "ஏற்கெனவே வராம இருந்தவங்க. மனுவா எழுதிப் போடுங்கம்மா, பார்க்கலாம்" என்றார் நீதிபதி. பதினைந்து நாள் சிறைக் காவல். ஒரு டீ ஆற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. செய்ததாகச் சொன்னவர்கள் எல்லாம் வராந்தாவில் இருந்தார்கள். செய்யவில்லை என்றவர் ஜெயிலுக்குப் போகிறார்.

படியில் இறங்கும்போது பெண் போலீசின் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு அந்தம்மா கத்தினார். "தாயி, எங்க வீட்டுக்காரரு பாலத்துக்கடியில ஒத்தையில இருக்காக. ரெண்டு கண்ணும் தெரியாது. இங்கேயே இருங்க, சாயங்காலம் வந்துருவேன்னு சொல்லிட்டு வந்தேன்!"

அவர் காலையில் சொல்ல வந்தது இதைத்தான்.

மத்தியானமே பாலத்தடிக்குப் போனேன். அந்தம்மாவின் கணவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் ஒரு சேலைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார் அந்தம்மா, துழாவாமல் எடுத்துக் குடிக்கட்டும் என்று. குடம் காலி. நான் யாரென்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

"ஒத்துக்கலையா? எப்பவும் ஒத்துக்குவாளே."

"நான்தான் ஐயா வேண்டாம்னு சொன்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "குடத்துல கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுப் போங்க தாயி" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் கோர்ட் விடுமுறை. இட்லி வாங்கிக்கொண்டு போனேன். காப்பகத்தில் சேர்க்கிறேன் என்றால், "அவ வந்து தேடுவா" என்று ஒரே பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சற்றுத் தாமதமாகத்தான் கிளம்பினேன். தூணருகே ஆள் இல்லை. சாக்கடைப் பக்கம் சரிவில் குப்புறக் கிடந்தார். ஒதுங்கப் போனவருக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. முழங்கால் கிழிந்து எறும்பு மொய்த்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். "வெயில் வாரதுக்கு முந்தி" என்றார். அப்போது மணி இரண்டு. மேலே பாலத்தில் பஸ் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

திங்கட்கிழமை மனு போட்டேன். செவ்வாய்க்கிழமை விட்டார்கள். பாலத்தடிக்கு வந்ததும் அந்தம்மா, கணவரின் முழங்காலில் நான் போட்டிருந்த கட்டுத்துணியைத் தடவிப் பார்த்தார்.

விசாரணை நாளுக்கு நான் மாய்ந்து மாய்ந்து தயாரானேன். மண்டபத்து மேனேஜரின் வாக்குமூலத்திலேயே ஓட்டை இருந்தது: அந்தக் குழாயைப் பிளம்பர் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டியதாக அவரே சொல்லியிருந்தார். ஒரே ஒரு கேள்வி போதும், வழக்கு தவிடுபொடி. அன்று அந்தம்மா கணவரையும் கைபிடித்துக் கூட்டி வந்திருந்தார். வராந்தாவில் அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தார். பெயர் கூப்பிட்டார்கள். நான் எழுவதற்குள் கைகூப்பிவிட்டார்.

"ஒத்துக்கிறேன் சாமி. நான்தான் எடுத்தேன்."

நீதிபதி என்னைப் பார்த்தார். "வக்கீலம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

மேனேஜரின் வாக்குமூலம் என் கையில் விரித்தபடி இருந்தது. அந்தம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல ஒன்றுமில்லை ஐயா" என்றேன். அந்தம்மா திருடியவர், தண்டனை கோர்ட் கலையும் வரை என்று நீதிபதி தீர்ப்பு எழுதி முடிக்கும்வரை நான் தலை நிமிரவில்லை.